உப்பு போன வழி

முப்பத்தொரு வருஷமாக பிளம்பர் வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் வீட்டுக்காரர் என்ன பேசுகிறார் என்பது என் காதில் ஏறாது. எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த ஃப்ளஷ் டேங்க் வாயை மூடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் ஏறும். சொட்டும் சத்தம் கேட்டால் எனக்கு யாரோ என்னைத் திட்டுவதுபோல இருக்கும். கோபமும் எனக்கு மூக்கின் மேல்தான் இருக்கும். இந்த இரண்டு குணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் இவைதான் காரணம்.

என் மகளுக்கு ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் எகிறிப்போய், பிள்ளை பிறக்கும்வரை ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கைபேசியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். பகலில் என் மனைவி அவளோடு இருப்பாள். ராத்திரி என் மாப்பிள்ளை வேலையிலிருந்து நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவார். எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று, டாக்டர் வெளியே வந்து சொல்வதைக் கேட்டு உள்ளே போய் மகளிடம் சொல்வது. அதில் கரடுமுரடாக இருப்பதையெல்லாம் வாசலிலேயே வடிகட்டிவிட்டு நல்லதை மட்டும் கொண்டுபோவேன். இன்னொன்று, அவர்கள் வீட்டு மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்வது.

தொட்டி என்றால் பெரிய தொட்டி இல்லை. அறுபது லிட்டர். ஆனால் கடல்தண்ணீர்த் தொட்டி. அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பெரிதுக்கு மேனேஜர், சின்னதுக்கு கிளார்க் என்று பெயர். மேனேஜர் போகிற இடமெல்லாம் கிளார்க் பின்னாலேயே போகும். பிறகு சிவப்பு முதுகும் நீள மீசையுமாக ஒரு இறால். அது மீன்களின் மேல் ஏறி அழுக்கெடுக்கும். மேனேஜரை என் மகள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே, ஒன்பது வருஷமாக வளர்க்கிறாள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது அவள் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, உங்கள் வீட்டில் தொட்டி வைக்க இடமிருக்கிறதா என்பதுதான்.

கட்டிலில் படுத்தபடியே எனக்குப் பாடம் எடுத்தாள். தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு தானியங்கி ஏற்பாடு வைத்திருந்தாள். தொட்டியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு சென்சார். கீழே அலமாரிக்குள் இருபது லிட்டர் வாளி நிறைய நல்ல தண்ணீர். வாளிக்குள் ஒரு குட்டி மோட்டார், அதிலிருந்து தொட்டிக்கு ஏறுகிற மெல்லிய ட்யூப். தண்ணீர் இறங்கினால் சென்சார் சொல்லும், மோட்டார் ஓடும், ஏறியதும் நிற்கும். நான் செய்ய வேண்டியது தீனி போடுவதும், ஒரு சொட்டுத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் விட்டு வெளிச்சத்தில் பிடித்து உப்பு அளவைப் பார்ப்பதும்தான். எண் இருபத்தைந்தில் இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் அவளிடம் போய் அதைச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆறு மாடிக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவன் நான். பென்சில் தடிமன் ட்யூபுக்குப் பாடமா?

முதல் நாள் போனபோது மோட்டார் அரை நிமிடம் ஓடி நின்றது. நின்ற பிறகு ட்யூபின் முனை சொட்ட ஆரம்பித்தது. தண்ணீருக்கு நாலு விரல் மேலே ஒரு கிளிப்பில் அதை மாட்டியிருந்தாள். டொக், டொக், டொக் என்று என் மகள் வீட்டில், நான் உட்கார்ந்திருக்கும்போதே சொட்டுகிறது. ஒரு நிமிடம்தான் பொறுத்தேன். கிளிப்பை எடுத்துவிட்டு ட்யூபின் முனையைத் தண்ணீருக்குள் இரண்டு விரல் ஆழத்துக்கு அழுத்திவிட்டேன். சத்தம் நின்றது. ஒரு பிளம்பர் வந்துபோன வீடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஆகிவிட்டது என்று சந்தோஷமாகக் கதவைப் பூட்டினேன்.

மறுநாள் எண் இருபத்துநாலு. அதற்கு அடுத்த நாள் இருபத்துமூன்று.

தண்ணீர் மட்டம் கூடியிருந்தால் உப்பு நீர்த்துவிட்டது என்று சொல்லலாம். கூடவில்லை, மகள் போட்டிருந்த கோட்டை ஒட்டித்தான் நின்றது. மோட்டார் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முனகிக்கொண்டே இருந்தது. சென்சாரில் பாசி பிடித்திருக்கும் என்று கழற்றி, வினிகரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். எண் இறங்கியது. கடைக்குப் போய் வேறு மோட்டார் வாங்கி வந்து மாட்டினேன். புது மோட்டாரும் அதே பாட்டைப் பாடியது. எங்கேயோ உப்புத்தண்ணீர் கசிகிறது என்று தொட்டியின் நாலு மூலையிலும் பவுடர் தூவி, கண்ணாடி ஒட்டுகளில் டிஷ்யூ காகிதம் ஒற்றி, அலமாரியை நகர்த்தி, தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. ஐந்தாவது நாள் சென்சாரை இடம் மாற்றினேன். ஆறாவது நாள் எண் இருபத்தொன்று. இறால் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, தீனிக்கும் வரவில்லை.

இந்த ஆறு நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவள் முதலில் கேட்பது, "எவ்வளவுப்பா?" நான் சொல்வது, "இருபத்தஞ்சு." அழுத்தம் ஏறக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கும்போது வேறு என்ன சொல்ல? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஒவ்வொரு நாளும் பூசணிக்காய் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்வரை அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கம் இல்லாதவன் நான். அந்த மேனேஜரோ இறாலோ செத்துப்போனால், பிள்ளை பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வருகிறவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கதவைத் திறப்பேன் என்பதே என் நினைப்பாக இருந்தது.

ஏழாவது நாள் காலை, கடையிலிருந்து ஒரு பாக்கெட் கடல் உப்பு வாங்கி வந்து, ஒரு குவளையில் கரைத்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா. வேறொரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் மூத்த நர்ஸ். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். இருபது வருஷம் அங்கே. நாலு வார்த்தை பேசினால் அன்றைய கணக்கு முடிந்தது என்கிற ரகம். எனக்கு அவர்கள்மேல் ஒரு வருத்தம் உண்டு. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அவர்கள் வீட்டு சிங்கில் அடைப்பு. சம்பந்தி ஒருவன் குத்துக்கல்லாட்டம் பிளம்பராக உட்கார்ந்திருக்க, தெருவில் போகிற எவனையோ கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டார்கள். அதிலிருந்து நான் அளந்துதான் பேசுவேன்.

இந்தப் பக்கமாக வந்ததாகச் சொன்னார்கள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நேராகத் தொட்டியின் முன் போய் நின்றார்கள். பிறகு என் கையிலிருந்த குவளையைப் பார்த்தார்கள்.

மறைக்க முடியாது என்று தெரிந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டேன். சென்சார் கம்பெனியைத் திட்டினேன், மோட்டார் கடைக்காரனைத் திட்டினேன், கண்ணாடியை ஒட்டியவனைத் திட்டினேன். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். உப்புக் குவளையைத் தூக்கியபோது மட்டும் கையை நீட்டித் தடுத்தார்கள்.

"அவசரப்பட்டு ஏத்தாதீங்க, சம்பந்தி. ரத்தத்துல உப்பு குறைஞ்சு வர்றவங்களுக்கு நாங்க ஒரே நாள்ல ஏத்த மாட்டோம். குறைஞ்சதைவிட அதுதான் ஆளைக் கொல்லும்."

குவளையைக் கீழே வைத்தேன். அடுத்து அவர்கள் கேட்டது சின்னக் கேள்விதான். இந்த ஆறு நாளும் என்னிடம் நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"உப்பு ஆவியாகாது. தரையும் காய்ஞ்சு இருக்குன்றீங்க. அப்ப போன உப்பு எங்க இருக்கு?"

நான் எது பழுது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் எது காணவில்லை என்று தேட ஆரம்பித்தார்கள். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் எனக்கு இந்த வித்தியாசம் புரிந்தது அன்றைக்குத்தான்.

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். அலமாரிக் கதவைத் திறந்துவைத்தார்கள். கைப்பையிலிருந்து வெள்ளை மருத்துவ டேப்பை எடுத்து, வாளியின் வெளிப்பக்கம் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு துண்டு ஒட்டினார்கள். தொட்டியிலும் ஒன்று. பையிலிருந்த ஒரு நோட்டில் கோடு கிழித்து இரண்டு கட்டம் போட்டார்கள். உள்ளே போனது, வெளியே வந்தது. அவர்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் இப்படி ஒரு தாள் தொங்குமாம். நோயாளி குடித்தது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு. மெஷின் என்ன சொன்னாலும் அந்தத் தாளில் கணக்கு இடித்தால் மெஷினை நம்ப மாட்டார்களாம்.

பிறகு உட்கார்ந்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு உட்காரலை நான் பார்த்ததில்லை. எதையும் தொடவில்லை, தட்டவில்லை, ஆட்டிப் பார்க்கவில்லை. எனக்கோ கை பரபரத்தது. ஸ்பேனரை எடுப்பேன், வைப்பேன். சென்சார் பக்கம் போனால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்கள், திரும்பி வந்துவிடுவேன். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த கண்கள் அவை. கீழிமை வீங்கியிருந்தது. ஆனால் தண்ணீர்க் கோட்டைவிட்டு நகரவில்லை. எந்த நோயாளியும் இந்த அம்மாவின் முன்னால் தைரியமாகக் கண்ணை மூடித் தூங்கலாம் என்று தோன்றியது.

நடுவில் நான் டீ போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் மனசு கேட்காமல் அந்த சிங்க் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். அவர்கள் கண்ணை எடுக்காமலே சொன்னார்கள்: சம்பந்தியைக் கூப்பிட்டு எங்கள் வீட்டுச் சாக்கடைக்கு அடியில் படுக்கவைக்க மனசு வரவில்லை என்று. இரண்டு வருஷமாக நான் தூக்கிச் சுமந்த வருத்தம் ஒரு வாய் டீயோடு இறங்கிப்போனது.

மோட்டார் ஓடியது. வாளித் தண்ணீர் டேப்புக்குக் கீழே ஒரு விரல் இறங்கியது. மோட்டார் நின்றது. நானாக இருந்தால் அத்தோடு சென்சார் பக்கம் திரும்பியிருப்பேன். ஆறு நாளும் அதைத்தான் செய்தேன். அவர்கள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிய தண்ணீர், யாரும் ஊற்றாமலே, மெதுவாக மேலேறி மறுபடி டேப்பைத் தொட்டது.

நோட்டில் குறித்தார்கள். அடுத்த முறையும் அப்படியே. பதினோரு முறை. பதினோரு முறையும் உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரிக்குச் சரி. பிறகு எழுந்து, வாளித் தண்ணீரில் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தார்கள். கண்ணாடிக் குழலில் ஒரு சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். நல்ல தண்ணீர் இருக்க வேண்டிய வாளி. எண் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். பதினேழு காட்டியது.

இதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. மேலே இருக்கிற தொட்டிக்குள் ட்யூபின் ஒரு முனையை முக்கி, மறுமுனையைக் கீழே வைத்து, ஒருமுறை தண்ணீர் நிறைந்துவிட்டால் அது தானாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மொட்டைமாடித் தொட்டிகளை நான் காலி செய்வதே இப்படித்தான். மோட்டார் நின்றதும் தொட்டியின் உப்புத்தண்ணீர் அதே ட்யூப் வழியாக வாளிக்கு இறங்கியிருக்கிறது. தொட்டி மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே போகும்வரை இறங்கியிருக்கிறது. மட்டம் குறைந்துவிட்டதே என்று சென்சார் மறுபடி மோட்டாரை ஓட்டியிருக்கிறது. ஆறு நாளாக, உப்பைக் கீழே இறக்கி நல்ல தண்ணீரை மேலே ஏற்றி. சென்சார் நல்ல சென்சார், மோட்டார் நல்ல மோட்டார், கண்ணாடியை ஒட்டியவன் தங்கமான ஆள்.

குழாயின் வாய் தண்ணீரைத் தொடக் கூடாது, நடுவே காற்று இருக்க வேண்டும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. இதை மறந்த எத்தனை ஆட்களை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். என் மகள், குழாய் வேலை தெரியாதவள், சரியாக நாலு விரல் இடைவெளி விட்டு கிளிப் போட்டு வைத்திருந்தாள். அதைச் சொட்டுகிறது என்று பிடுங்கியவன் நான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதற்கு மேல் புது மோட்டாரும் வாங்கி மாட்டியிருக்கிறேன்.

சம்பந்தியம்மாவிடம் இதைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. ட்யூபின் முனையைக் காட்டி, எவ்வளவு உயரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். தெரியாததால் கேட்ட மாதிரி இல்லை. என்னைத்தான் மாட்ட வைக்க வேண்டும் என்று கேட்ட மாதிரி இருந்தது. நாலு விரல் அளந்து கிளிப்பை மாட்டினேன். நான் வாளியைத் தூக்கிக் கொட்டப் போனபோது மறுபடி கையை நீட்டினார்கள்.

"கொட்டிடாதீங்க. போன உப்பு மொத்தமும் இதுலதான் இருக்கு. தினம் ஆவியாகிற அளவுக்கு இதுவே மேல போகட்டும். ரெண்டு வாரத்துல தானா சரியாயிடும்."

வாளியைக் கீழே வைத்தேன். நான் வாங்கிய உப்பு பாக்கெட்டுக்கு வேலையே இல்லை. தொலைந்தது எதுவும் தொலையவில்லை. வந்த வழியிலேயே, தினம் ஒரு லிட்டராக, திரும்பிப் போகப்போகிறது. ஒரு பழுதைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் ஒருவன்தான். பழுதுக்குள்ளேயே மருந்தைப் பார்க்கிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் என்றுகூட நினைத்தேன், சம்பந்திக்குள் அது சரிவராது என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் கிளம்பும்வரை மோட்டார் ஓடவே இல்லை. மதியம் இறால் கல்லுக்கு வெளியே மீசையை மட்டும் நீட்டிப் பார்த்தது. நாங்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் நான், இன்று ஒரு நாள் இருபத்தைந்து என்றே சொல்லிவிடலாம், ஏறின பிறகு உண்மையைச் சொல்லலாம் என்றேன். அவர்கள் ரோட்டைப் பார்த்தபடி, அது உங்கள் விருப்பம், என்னிடம் கேட்டால் நான் தாளில் இருப்பதைத்தான் சொல்வேன் என்றார்கள். வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, என்னை மட்டும் உள்ளே அனுப்பினார்கள்.

மகள் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"எவ்வளவுப்பா?"

"இருபத்தொண்ணு," என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. நான் தப்பைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். ட்யூபை முக்கியது நான்தான், இத்தனை நாளும் பொய் சொன்னதும் நான்தான் என்றேன்.

"தெரியும்ப்பா. அந்தத் தொட்டி அரை நம்பராவது ஆடாம ரெண்டு நாள் சேர்ந்தாப்ல நின்னதில்ல. நீங்க ஆறு நாள் இருபத்தஞ்சுன்னீங்க. நான்தான் ராத்திரி இவர்கிட்ட சொல்லி அத்தையைப் போய்ப் பாக்கச் சொன்னேன்."

இந்தப் பக்கமாக வந்தேன் என்றார்களே அந்த அம்மா. காலையிலிருந்து ஒரு வார்த்தை விடவில்லை. என் மானத்தை என்னைவிடப் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"மீனுக்கு நான் பயப்படலப்பா," என்றாள் மகள். வயிற்றின் மேல் கையை வைத்திருந்தாள். "மீனைப் பத்தியே மறைக்கிறவர், டாக்டர் சொல்றதை முழுசா சொல்வாரான்னுதான். நாலு நாளா அதை நினைச்சுத்தான் தூக்கமே இல்ல."

அவள் அழுத்தத்தை இறக்கத்தான் நான் பொய் சொன்னேன். ஏற்றியதே அதுதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதையும் வடிகட்டாமல் சொன்னேன். அழுத்தம் நேற்று நூற்று ஐம்பத்தெட்டு. வெள்ளிக்கிழமைக்குள் இறங்காவிட்டால் பிள்ளையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வரும் என்றார்கள். எடுத்தால் சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, அது பொய்யில்லை.

அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"எடை எவ்வளவு சொன்னாங்க?"

"ஒரு கிலோ அறுநூறு."

மனசுக்குள் என்னவோ கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு, தலையணையைச் சரிசெய்யச் சொல்லி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். நான் எழுந்து வாசல் வரை போனபோது, கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள்.

"நாளைக்கும் டாக்டர் சொல்றதை நீங்களே வந்து சொல்லுங்கப்பா. வேற யாரும் வேண்டாம்."